பை பார்க்கும் வேலை

நான் நூலகரானதற்குப் படிப்பு காரணமில்லை, சாவிக்கொத்துதான் காரணம். எங்கள் ஊர் ஜாம் ஆலையை மூடிவிட்டு முதலாளி குடும்பம் மலையிறங்கிப் போனபோது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. நாற்பத்து மூன்று சாவிகள். அவற்றில் பாதிக்குப் பூட்டே கிடையாது. மீதியில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும். பல வருடம் கழித்து ஓர் அறக்கட்டளை அந்த இடத்தை வாங்கி, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பண்பாட்டு மையமும் நூலகமும் ஆக்கப் போகிறோம் என்று வந்து நின்றது. கதவைத் திறக்க ஆள் வேண்டியிருந்தது. திறந்துவிட்டேன், அப்படியே உள்ளே தங்கிவிட்டேன்.

அதற்கு முன்னால் இருபது வருடம் அதே வாசலில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன் நான். காலையில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, சாயங்காலம் போகிறவர்களின் பையைப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. நாலரைக்குச் சங்கு ஊதும். பெண்கள் வாசலின் இடது பக்கமாக வரிசையில் வந்து நிற்பார்கள். பை திறந்திருக்க வேண்டும், டிபன் பாக்ஸ் மூடியும் திறந்திருக்க வேண்டும். நான் கையை விட்டுப் பார்த்துவிட்டு 'ம்' என்பேன். அந்த 'ம்' வந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். கூக்கால் கிராமத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும் பேரிக்காயில் ஒன்றிரண்டு அந்தப் பைகளில் போய்விட்டால் ஆலை திவாலாகிவிடும் என்று நான் மனதார நம்பினேன். ஆலை பிறகு திவாலாகத்தான் செய்தது. பேரிக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேலை பார்த்த பெண்களில் பாதிப்பேர் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்த குடும்பங்கள். அவர்கள் ஆலையை 'ஸ்டோரு' என்பார்கள், என்னைக் 'கணக்கப்புள்ள' என்பார்கள். அங்கே தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையைக் கண்டால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நானும் அதை எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

அறக்கட்டளையை நடத்துகிறவர் கட்டடக் கலை படித்த ஒரு பெண்மணி. எல்லோரும் மேடம் என்போம். நல்ல மனுஷி. அதுதான் சிக்கலே, அவரைத் திட்டவும் முடியாது. எதையும் இடிக்கக் கூடாது, எதையும் தூக்கிப் போடக் கூடாது, எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஜாம் காய்ச்சிய கொப்பரைகள் செடித் தொட்டிகளாயின. பாட்டில் தட்டுகள் புத்தக அலமாரிகளாயின. சுவரில் மிச்சமிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கல்லும் செங்கலும் வெளியே தெரியும்படி விட வேண்டும் என்றார். பழைய கட்டடத்தைப் பழையதாகக் காட்டுவதற்குப் புதிதாகக் கட்டுவதைவிட அதிக நாள் பிடிக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இதில் நொந்து போனவர் கொத்தனார். பாலசமுத்திரத்துக்காரர், சுண்ணாம்புப் பூச்சில் கெட்டிக்காரர் என்று தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். அழைத்து வந்து, ஒரே ஒரு அறைக்கு மட்டும் பூசுங்கள், மற்றதையெல்லாம் சொரசொரவென்று விடுங்கள் என்றார்கள். மனிதர் சோறு இறங்காமல் கிடந்தார்.

"சார், பூசாத செவுத்த விட்டுட்டு நான் கீழ எறங்குனா ஊருல என்னய எவன் கொத்தனாருன்னு சொல்லுவான்?" என்று என்னிடம் புலம்பினார். "எம் மருமகன் போன்ல படம் கேக்கான். இத எடுத்து அனுப்புனா வேலைய பாதியில போட்டுட்டு வந்துட்டாருன்னுல்ல நெனப்பான்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெரிய கூடத்தின் வடக்குச் சுவர் முழுவதையும் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வழவழவென்று பூசிவிட்டார். திங்கட்கிழமை மேடம் வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கொத்தனார் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போகச் சொன்னால் போய்விடுவது என்று தயாராக இருந்தார். மேடமோ, "இட்ஸ் பியூட்டிஃபுல்... இந்த கான்ட்ராஸ்ட் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இப்போது வருகிறவர்களெல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொத்தனாருக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. மற்ற மூன்று சுவர்களையும் பூச விடவில்லையே என்கிற குறை.

அந்த ஒரு அறைப் பூச்சுக்காகக் கடுக்காயும் வெல்லமும் பீப்பாயில் நாலு நாள் ஊறிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் விடியலில் இரண்டு காட்டுமாடுகள் வந்து அதை அடியோடு குடித்துவிட்டுப் போயின. இயற்கையோடு சேர்ந்து வாழ்வது என்பது இதுதான் என்று மேடம் நெகிழ்ந்து போனார். கொத்தனார் பீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மாட்டின் வம்சத்தையே நாலு தலைமுறைக்குத் திட்டினார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். இருபது வருடத்தில் ஆலையில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஊர்மக்களிடம் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்பதும் மேடத்தின் கொள்கை. ஆகவே கூட்டம் போட்டார்கள். ஆலையில் வேலை பார்த்த பெண்களையெல்லாம் வரவழைத்து, ஆளுக்கொரு கலர்ச் சீட்டு கொடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நிறையப் பேர், தண்ணீர் வருகிற கக்கூஸ் என்று எழுதினார்கள். சிலர் ரேஷன் கடை என்று எழுதினார்கள். ஒரு நீலச் சீட்டில் மட்டும் வரிசையாக எழுதியிருந்தது: மேசை, நாற்காலி, லைட்டு, சாயங்காலம் ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும்.

அந்தச் சீட்டை எழுதியவரை எனக்குத் தெரியும். லேபிள் ஒட்டும் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். இங்கே பெயர் எதற்கு, லேபிள்காரம்மா என்றே சொல்கிறேன். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. ஆலை மூடிய பிறகு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் துணி துவைக்கப் போனார். அந்த விடுதியின் மேட்ரன் வருகிற ஜூனில் ஓய்வு பெறப் போகிறார். பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்த வேலையை இவருக்கே தருவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மேட்ரனுக்கு விடுதியிலேயே ஓர் அறை உண்டு, கதவு வைத்த அறை. லேபிள்காரம்மா இருக்கும் லயத்து வீட்டில் ஒரே அறை, அதில் ஐந்து பேர், ஒரு டிவி.

தனித்தேர்வராக எழுதி மற்றப் பாடங்களையெல்லாம் தாண்டிவிட்டார். கணக்கு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. ஏப்ரலில் மூன்றாவது முறை. அதிலும் போய்விட்டால் மேட்ரன் வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். இவர் துணியைத் துவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கலர்ச் சீட்டுகளையெல்லாம் போட்டோ எடுத்து ஆராய்ந்தார்கள். கடைசியில் வந்து சேர்ந்தவை: கோரைப்பாய், திண்டு, தண்ணீர் வேண்டாத கழிப்பறை, மௌனமாக உட்கார ஒரு மூலை. தரையில் உட்கார்ந்து படிப்பதுதான் நம்முடைய மரபு என்று மேடத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர்க் குளிரில் மண்தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மரபு எலும்பு வரைக்கும் ஏறிவிடும். கழிப்பறையில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள் போட வேண்டும். பெண்கள் வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். லைட்டு சூரிய ஒளியில் எரிவது. மேகம் இறங்கினால் அணைந்துவிடும். இங்கே எப்போது மேகம் இறங்காது? ஆகவே நூலக நேரம் பத்திலிருந்து ஐந்து என்று முடிவாயிற்று.

லேபிள்காரம்மாவுக்கு விடுதி வேலை முடிவதே ஐந்தரைக்கு.

அவர் முகத்தை நேராகப் பார்த்து இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் ஒன்று உண்டு. எழுதிவிடுகிறேன்.

ஆலையில் சில நாள் அச்சு பிசகிய லேபிள் கட்டுக்கட்டாக வரும். சிவப்பு மை நகர்ந்து, ஒரு பிளம்ஸ் பழம் இரண்டாகத் தெரியும். அதையெல்லாம் பாய்லரில் போட்டு எரித்துவிடுவார்கள். ஒரு சாயங்காலம் வரிசையில் லேபிள்காரம்மாவின் டிபன் பையில் கையை விட்டபோது, அடியில் ஒரு கட்டு லேபிள் தட்டுப்பட்டது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், கணக்குப் போட்டுப் பழகலாம் என்று எடுத்தேன் என்றார். எரிக்கப் போகிற காகிதம்தான். ஆனாலும் ஆலைப் பொருள். பதிவேட்டில் 'களவு' என்று எழுதினேன். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பினார்கள். அந்த ஒரு வாரமும் லயத்தில் அவருக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

அதே லேபிளில்தான் என் மகளின் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டிருந்தேன். என் பையை யாரும் பார்க்க மாட்டார்கள். அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் அசிங்கம்.

இப்போது அந்தப் பிசகிய லேபிள்களில் ஆறு, கண்ணாடிச் சட்டம் போட்டு நூலக வாசலில் மாட்டப்பட்டிருக்கின்றன. பழைய பீரோ ஒன்றில் கிடைத்தன. 'அரிய அச்சுப் பிரதிகள்' என்று கீழே எழுதியிருக்கிறது. சட்டத்தை ஆணியடித்து மாட்டியது நான்தான். நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னவர், பள்ளிக்கூட விடுமுறை என்று அந்த நாட்களில் மண் சுமக்க வந்துகொண்டிருந்த லேபிள்காரம்மா.

"இன்னும் கொஞ்சம் எடப்பக்கம் ஏத்துங்க கணக்கப்புள்ள," என்றார்.

புத்தகங்கள் வந்து இறங்கின. நன்கொடைதான். பெரிய பெரிய படப் புத்தகங்கள், தோட்டக்கலை, திமிங்கிலம், இத்தாலியச் சமையல். நடுவில் ஒரு பெட்டி, ஓய்வு பெற்றுக் காலமான ஒரு கணக்கு ஆசிரியர் வீட்டிலிருந்து வந்தது. அதில் துணி பைண்டிங் செய்த தடித்த நோட்டு ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் மந்தமான பிள்ளைகளுக்காகவே தமிழில், ஒரு படிகூட விடாமல், தன் கையால் எழுதிப் போட்டு வைத்திருந்தார் அந்த மனிதர். எந்த இடத்தில் பிள்ளைகள் தப்பு செய்வார்கள் என்பதைக்கூடச் சிவப்பு மையில் குறித்திருந்தார். கடையில் கிடைக்காத சாமான்.

அன்று மதியம் அதை லேபிள்காரம்மாவிடம் காட்டினேன். நின்றபடியே ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கம் திருப்பினார். மண்கூடையை மறந்துவிட்டார்.

"இப்பிடி ஒருத்தரு எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தா நான் ரெண்டு தடவ போயிருப்பேனா?" என்றார். பிறகு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார்.

"இங்க புத்தகம் வெளிய போகாதும்மா. இங்கனயே உக்காந்துதான் படிக்கணும்."

"பள்ளிக்கூடம் தொறந்துட்டா அஞ்சரைக்கு மேலதான வருவேன்? நீங்க அஞ்சுக்குப் பூட்டிருவீக."

"விதி அப்படி இருக்கு."

அந்த விதியை எழுதி ஒட்டியவன் நான். வெளியே போன பொருள் திரும்பாது என்பது வாசலில் உட்கார்ந்தவனின் புத்தி. மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. நோட்டின் முதுகில் எண் எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்தேன்.

திறப்பு விழா ஜனவரியில் நடந்தது. பழைய பெண் தொழிலாளர்கள் எல்லோரும் முன்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று மேடம் ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். முப்பது பேர் பட்டுச் சேலையில், ஸ்வெட்டர் போட்டு, தலைக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சப்பை, உள்ளே ஒரு மரக்கன்று, மையத்தைப் பற்றிய ஒரு சிறு புத்தகம். அன்று காலையில் லேபிள்காரம்மா வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் மேடத்திடம் ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். டீ எங்கே வைக்கட்டும் என்று கேட்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு நாற்காலி அடுக்கப் போய்விட்டேன். விருந்தினர்களுக்கு மட்டும் நாற்காலி உண்டு, அவர்களுக்கு மரபு கிடையாது.

பேச்சுகள் நடந்தன. இந்தச் சுவர்களுக்குள் உழைத்த கைகள் இனிப் புத்தகங்களைத் தொடும் என்று ஒருவர் பேசினார். உழைத்த கைகள் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக் கிடந்தன. அப்புறம் ஒரு விசேஷம் இருப்பதாக மேடம் அறிவித்தார். பழைய சங்கைப் பழுது பார்த்து வைத்திருந்தார்கள். ஆலையின் பழைய குரலை நாம் எல்லோரும் மறுபடி கேட்கப் போகிறோம் என்றார். சரியாக நாலரைக்கு அதை ஊதினார்கள்.

ஊதி முடிவதற்குள் முன்வரிசை எழுந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. முப்பது பெண்களும் பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள். இடது பக்கமாக வரிசை கட்டி நின்றார்கள். மஞ்சப்பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்கள். ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் திறந்து காட்டிக்கொண்டு நின்றார்.

அவர்களாவது பெண்கள், பயந்து பழகியவர்கள். எனக்கு என்ன வந்தது? மேடையோரம் மைக் வயரைப் பிடித்துக்கொண்டிருந்த நான் வயரைப் போட்டுவிட்டு நடந்து போய், வாசலில் என் பழைய இடத்தில் நின்றேன். முதல் பைக்குள் கையை விட்டேன். மரக்கன்றை விலக்கிப் பார்த்தேன். "ம்" என்றேன். அந்த அம்மாள் வெளியே போனார். அடுத்த பையைப் பார்த்தேன்.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. வந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். போன்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. இப்படி ஒரு உருக்கமான நாடகத்தை எங்கேயும் பார்த்ததில்லை, எத்தனை நாள் ஒத்திகை என்று ஒருவர் கேட்பது காதில் விழுந்தது. இருபது வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை. நிறுத்தத் தெரியாமல் அடுத்த பையில் கையை விட்டேன், அதற்கடுத்த பையிலும் விட்டேன்.

ஒன்பதாவதோ பத்தாவதோ லேபிள்காரம்மா. மரக்கன்றுக்கு அடியில் என் கை தடித்த நோட்டு ஒன்றைத் தொட்டது. துணி பைண்டிங். முதுகில் நான் ஒட்டிய எண்ணின் காகித ஓரம் விரலில் உரசியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். அத்தனை கேமராக்களுக்கு முன்னால் அவரைக் கெஞ்ச விடக் கூடாது என்று பட்டது. கையை வெளியே எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல. போங்கம்மா," என்றேன்.

இருபது வருடத்தில் ஒருவரையும் நான் 'போங்கம்மா' என்றதில்லை, வெறும் 'ம்'தான். அவர் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அன்று செய்த பாவத்துக்கு இன்று ஈடு கட்டிவிட்டேன் என்று ஒரு நிறைவு. காலையில் கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போதுகூட, இந்த ஆள் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. மனைவியிடமும் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "விட்டுக் குடுத்தது செத்துப்போன வாத்தியார் நோட்டு. உங்க சொத்துல கால்வாசி எழுதி வச்ச மாதிரில்ல பேசுறீக," என்றாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அலமாரியில் நோட்டு இருந்த இடம் பல் விழுந்த ஈறு போலத் தெரிந்தது. யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் இருந்த திமிங்கிலப் புத்தகத்தை நகர்த்தி வைத்து மறைத்தேன். வரவேற்பு மேசைப் பெண் பார்த்துவிட்டு, "அங்க என்ன சார் பண்றீங்க?" என்றது. தூசி என்றேன். மறுநாள் திமிங்கிலம் சரிந்திருந்தது. மறுபடி நிமிர்த்தினேன்.

இதற்கிடையில் விழாவில் எடுத்த படம் போன் போனாகப் போய், சுற்றுலா வருகிறவர்களெல்லாம் அந்த வரிசையைப் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைதோறும் நாலரைக்குச் சங்கு ஊதி அதை ஒரு நிகழ்ச்சியாகவே நடத்தலாம் என்று மேடம் சொன்னார். சங்கு ஊதினால் சூரிய ஒளி மின்சாரம் முழுவதையும் அது ஒன்றே இழுத்துக்கொண்டு, நூலகம் இருட்டாகிவிடும். பரவாயில்லை, சனிக்கிழமை மட்டும்தானே என்றார்கள். சில பெண்கள் டீயும் பன்னும் உண்டு என்பதால் வந்து நின்றார்கள். என்னையும் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். காக்கிச் சட்டை வேறு தைத்துக் கொடுத்தார்கள். ஆலை நடந்த காலத்தில் எனக்குக் காக்கி கிடையாது. லேபிள்காரம்மாவையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் நூலகத்துக்கு வந்தார். விடுதி வேலைக்குப் போகிற வழியில், நான் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். ஆலையில் இருந்த இரண்டு பெண்கள் உள்ளே கூட்டிக்கொண்டிருந்தார்கள். வரவேற்புப் பெண் கம்ப்யூட்டருக்கு உயிர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. லேபிள்காரம்மா பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு, மூலை மடங்காமல் வைத்திருந்தார்.

நான் அவசரமாகக் கிட்டே போய், குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இத ஏம்மா கொண்டாந்தீங்க? வச்சுக்கங்க. பரீட்சை முடியட்டும். நான் யாருகிட்டயும் மூச்சு விடல."

"என்னத்த மூச்சு விடல?"

"அதான்... அன்னிக்குப் பையில இருந்தத."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். மேசைக்குப் போய், "பாப்பா, அந்தப் பதிவு நோட்டக் குடு," என்று வாங்கி வந்து, முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்க்குள்ளேயே படித்தேன்.

"சத்தமாப் படிங்க. கூட்டுற அக்காமாருக்கும் கேக்கட்டும்."

விளக்குமாறுகள் நின்றன. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு நான் படித்தேன். வரிசை எண் ஒன்று. பத்தாம் வகுப்புக் கணக்கு, கையெழுத்து நோட்டு. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவருடைய பெயர், அவருடைய கையெழுத்து. அனுமதி என்ற இடத்தில் மேடத்தின் கையெழுத்து. திறப்பு விழாத் தேதி. திருப்பித் தர வேண்டிய நாள், இன்று.

"அன்னிக்குக் காலம்பறவே மேடத்துக்கிட்ட போயி கேட்டேன்," என்றார். "எனக்கு அஞ்சரைக்கு மேலதான் நேரம், இத வீட்டுக்குக் குடுப்பீங்களான்னு கேட்டேன். இதக் கேக்க ஏன் இத்தன நாளுன்னு அவுங்க சிரிச்சாங்க. ஒடனே நோட்டுப் போட்டு எழுதச் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன். வரிசையில நீங்க கைய விட்டீகல்ல, இவரு கேப்பாரு, பதிஞ்சிருக்குன்னு சொல்லணும்னு வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். நீங்க கேக்கல. போங்கம்மான்னுட்டீக."

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"அத்தன பேருக்கு முன்னால என்னயக் களவாணியாவே அனுப்பி வச்சுட்டு, அத எனக்குச் செஞ்ச ஒதவின்னு இத்தன நாளும் வச்சுக்கிட்டு இருந்திருக்கீக."

நூலகத்துக்குத் தலைவன் நான். புத்தகம் வெளியே போக ஆரம்பித்து இரண்டு வாரமாகிறது, அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பக்கத்தைத் திருப்பியிருந்தால் போதும். அவருடைய பையைப் பார்க்கத் தோன்றிய எனக்குப் பதிவேட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எதற்கு என்று ஆரம்பிப்பது? லேபிள் கட்டுக்கா, போங்கம்மாவுக்கா? கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை.

அவருக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை. விடுதியில் துணி ஊறிக்கொண்டிருக்கும்.

"இயற்கணிதம் இன்னும் முடியல. வெரசா இன்னும் ரெண்டு வாரத்துக்குப் பதிஞ்சு குடுங்க," என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். வரிசை எண் இரண்டு, நோட்டின் பெயர், அவருடைய பெயர், திருப்பித் தர வேண்டிய நாள். என் கையெழுத்தைப் போட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. நான் எழுதியதை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். தேதியில் வந்ததும் விரல் நின்றது.

"பதிமூணு நாள்தான் போட்டிருக்கீக."

எண்ணிப் பார்த்தேன். பதிமூன்றுதான். அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அடித்த இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.